இறந்தவரிடம் வாங்கிய கைமாற்றை யாரிடம் திருப்பித் தருவது?

பழையகணக்கு எழுதியது:

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். 2020 ஏப்ரலில், கொரோனா வந்த புதிதில், எனக்குச் சம்பளம் நின்றது. வேலையை விட்டு அனுப்பவில்லை என்று வாயால் சொன்னார்கள். ஆனால் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. அப்போது என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணன், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், நான் கேட்காமலேயே பணம் அனுப்பினார். ஜூனில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. இரண்டையும் கூட்டினால் என்னுடைய அன்றைய மூன்று மாதச் சம்பளம் வரும். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, வட்டி இல்லை. "நிலைமை சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

2021 மே மாதம் அவர் போய்விட்டார். பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். யாரையும் உள்ளே விடவில்லை. விட்டிருந்தால் போயிருப்பேனா என்று இப்போது கேட்டால், பயந்திருப்பேன் என்றுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு நான் தலைநிமிரவே சில வருடம் ஆனது. வட்டிக்கு வாங்கிய கடன்கள் கழுத்தைப் பிடித்தன, அவற்றை முதலில் அடைத்தேன். வட்டி கேட்காத கடன் வரிசையில் கடைசிக்குப் போனது. கேட்பதற்கு ஆளும் இல்லை. போன மாதம்தான் மற்றதெல்லாம் முடிந்து, அந்தத் தொகை முழுசாகக் கையில் இருக்கிறது.

இந்தக் கைமாற்று அண்ணிக்குத் தெரியுமா என்றே எனக்குத் தெரியாது. நான்கு வருடமாக ஒரு போன்கூடப் பண்ணாதவன் இப்போது பணத்தோடு போய் வாசலில் நின்றால் எப்படி இருக்கும்? இப்படி ஒன்றைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சும்மா எழுதியது:

போய்க் கொடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கோடைமழை எழுதியது:

யோசிக்க நிறைய இருக்கிறது, சும்மா அவர்களே. நான் அந்தப் பக்கத்தில் நின்றவள்.

என் கணவர் 2021-ல் இறந்தார். அவர் போன வாரமே வீட்டுக்கு வந்த முதல் வேலை துக்கம் இல்லை, தாள் வேலை. அவருடைய கைப்பேசியின் பூட்டுக் குறியீடு எனக்குத் தெரியாது. வங்கிக் கணக்கு, காப்பீடு, மின்கட்டணம் எல்லாம் அதற்குள் இருந்தன. மருத்துவமனை கொடுக்கும் சான்றிதழில் இறப்புக்கான காரணம் என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உதவித்தொகை கிடைக்கும், கிடைக்காது. அதைத் திருத்தச் சொல்லி எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

அப்புறம் ஆட்கள். எங்கள் வீட்டுக்காரர் தர வேண்டிய பணம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு உண்மை, ஒன்று பாதி உண்மை, ஒன்று பச்சைப் பொய். நான்கையும் கொடுத்தேன், வாதாட எனக்குத் தெம்பு இல்லை. எங்களுக்குத் தர வேண்டியவர்கள் யாரும் வரவில்லை. அவர் நிறையப் பேருக்குக் கொடுத்திருக்கிறார் என்று மட்டும் தெரியும். யாருக்கு, எவ்வளவு என்பது அவரோடு போயிற்று.

அதனால் பழையகணக்கு, ஒன்று கேளுங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்பிவிட்டு ஒரு செய்தி தட்டாதீர்கள். நேரில் போங்கள். போய் "நான் பட்ட கஷ்டம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த அம்மா உங்கள் கஷ்டத்துக்கும் ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமையை உண்டாக்காதீர்கள்.

புள்ளிக்காரன் எழுதியது:

கோடைமழை சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஏதுமில்லை. என் பழக்கம் எண்கள், அதிலிருந்து ஒன்றை மட்டும் இங்கே வைக்கிறேன்.

2020-ல் உலகம் முழுவதும் 8.8 சதவீத வேலை நேரம் காணாமல் போனதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. முழுநேர வேலையாக மாற்றினால் 25.5 கோடி வேலைகள். ஆனால் 'வேலையில்லாதவர்' பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 3.3 கோடி பேர்தான். சுமார் 8.1 கோடி பேர் வேலை தேடுவதையே நிறுத்தியதால் அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை. மீதி முழுக்க, பெயரளவில் வேலை இருந்து நேரமும் சம்பளமும் குறைந்தவர்கள். "வேலையை விட்டு அனுப்பவில்லை, சம்பளமும் இல்லை" என்று எழுதினீர்களே, நீங்கள் அந்தக் கூட்டம். எந்த வேலையின்மைப் புள்ளியிலும் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

உங்கள் அண்ணன் கொடுத்த பணமும் அப்படித்தான். நாடுகளின் கடன், நிறுவனங்களின் கடன், வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் அட்டவணை இருக்கிறது. ஒரு சம்பளக்காரர் இன்னொரு சம்பளக்காரருக்குக் கொடுத்த கைமாற்றுக்கு அட்டவணை இல்லை. உலகில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், சுமார் 200 கோடிப் பேர், முறைசாராத் தொழிலாளர்கள். வேலையிழப்புக் காப்பீடு என்ற ஒன்றே அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. அவர்களுக்குக் காப்பீடாக இருந்தது பக்கத்தில் இருந்த ஆள். அந்த ஆளே நோயில் விழுந்தால் கடன் கொடுத்த வீடு, வாங்கிய வீடு இரண்டும் சேர்ந்து விழும்.

எதிர்க்கட்சி எழுதியது:

எல்லாரும் நோயைத் திட்டுகிறீர்கள். சம்பளத்தை நிறுத்தியது நோயா? ஊரடங்கு. அரசுகள் கதவைச் சாத்தின, அதனால் பிழைப்பு போனது. இதைச் சொன்னால் உடனே கல்நெஞ்சக்காரன் என்பீர்கள்.

புள்ளிக்காரன் எழுதியது:

கல்நெஞ்சக்காரன் என்று சொல்லமாட்டேன், பாதி சரி என்பேன். தினக்கூலிக்காரருக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் ஒரே இரவில் அடைத்த இடங்களில் அந்தக் குற்றச்சாட்டு முழுக்கச் செல்லும்.

ஆனால் அடைக்காமல் இருந்திருந்தால் வியாபாரம் நடந்திருக்கும் என்பது எனக்குச் சந்தேகம். அமெரிக்காவில் கூல்ஸ்பி, சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கைப்பேசி இருப்பிடத் தரவுகளை வைத்து 2020-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். கட்டுப்பாடு இருந்த பகுதியையும் அதை ஒட்டியே கட்டுப்பாடு இல்லாத பகுதியையும் ஒப்பிட்டார்கள். கடைகளுக்குப் போகிறவர்கள் எண்ணிக்கை 60 சதவீதப் புள்ளிகள் விழுந்திருந்தது. அதில் சட்டத்தால் விழுந்தது 7 புள்ளிகள்தான். மற்றது மக்கள் பயந்து தாங்களே வீட்டில் இருந்தது. ஸ்வீடன் மற்ற ஐரோப்பிய நாடுகளைப்போலக் கதவைச் சாத்தவில்லை, அங்கேயும் 2020-ல் பொருளாதாரம் சுருங்கியது.

அடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் வேண்டுமென்றால் பசிபிக் கடலில் உள்ள சமோவா. 1918 நவம்பரில், உலகம் முழுக்க இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் பரவிய நேரத்தில், 'தலூன்' என்ற கப்பல் நோயாளிகளோடு மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது. தடுத்து நிறுத்தவில்லை. சில வாரங்களில் அந்தத் தீவு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறந்தார்கள். பக்கத்திலேயே அமெரிக்கச் சமோவா. அங்கே ஆளுநர் துறைமுகத்தை மூடினார். அந்தக் காய்ச்சலில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மேற்குச் சமோவாவை அப்போது நிர்வகித்த நியூசிலாந்து 2002-ல் மன்னிப்புக் கேட்டது.

எதிர்க்கட்சி எழுதியது:

தீவை மூடுவதும் ஒரு கண்டத்தை மூடுவதும் ஒன்றா? தீவுக்கு ஒரு துறைமுகம் போதும். நாங்கள் மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருந்தோம், அப்புறமும் நோய் வந்தது. எனக்குத் தொழில் போனது, சேமிப்பு போனது, கடைசியில் நோயும் வந்தது. மூன்றையும் அனுபவித்தவன் பேசுகிறேன்.

புள்ளிக்காரன் எழுதியது:

தீவு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

ஊரடங்கு சரியா தவறா என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே ஏற்கெனவே நானூறு பதிவுகள் ஓடுகின்றன. இங்கே ஒருவர் ஒரு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். அதை விட்டு விலக வேண்டாம்.

வெள்ளைச்சட்டை எழுதியது:

நான் செவிலி. நோய்ப்பிரிவில் பதினான்கு மாதம் இருந்தேன்.

பழையகணக்கு, "விட்டிருந்தாலும் பயந்திருப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கும் பயம்தான். பாதுகாப்பு உடையைப் போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறை போக முடியாது. முகத்தில் கண்ணாடி அழுத்திய தழும்பு பல வாரம் இருக்கும். நோயாளிகளுக்கு எங்கள் கண் மட்டும்தான் தெரியும். அதனால் உடையின் மேல் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வோம். 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை உலகில் சுமார் 1,15,000 மருத்துவப் பணியாளர்கள் இந்த நோயால் இறந்திருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எங்கள் பிரிவிலும் ஒருவர்.

வீடியோ அழைப்புக்குக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் என் வேலையாகிவிட்டது. மறுமுனையில் குடும்பம், இங்கே அவர், நடுவில் என் கை. கடைசிப் பேச்சு என்று எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மக்கள் என்ன பேசுவார்கள் தெரியுமா? அன்பு, பாசம் எல்லாம் அப்புறம். முதலில் சாவி எங்கே, எந்தத் தேதியில் எந்தத் தவணை, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று சொல்வார்கள். மூச்சு வாங்க வாங்கச் சொல்வார்கள். எல்லாரும் சொன்னார்கள் என்று சொல்லவில்லை, நிறையப் பேர் சொன்னார்கள்.

ஆகவே உங்கள் அண்ணிக்குத் தெரியாது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

கோடைமழை எழுதியது:

வெள்ளைச்சட்டை, என் கணவருக்குக் கைப்பேசி பிடித்த கை யாருடையது என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி அணிந்திருந்தார், உடையின் மேல் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருந்தது, படிக்க முடியவில்லை. உங்களுக்கே நன்றி சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைச்சட்டை எழுதியது:

வாங்கிக்கொண்டேன், அக்கா.

நாலாம்பெஞ்ச் எழுதியது:

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம், கடன் என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. நான் கணக்கு வாத்தியார்.

உச்சத்தில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள் என்கிறது யுனெஸ்கோ. 16.8 கோடிப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முழுக்கப் பள்ளி திறக்கவே இல்லை. எண்ணாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது. வகுப்பறையில் அது எப்படி இருந்தது என்றால், ஏழாம் வகுப்புக்கு வந்தவர்களுக்குப் பின்னம் தெரியவில்லை. ஐந்தில் பின்னம் நடத்தும்போது பள்ளி மூடியிருந்தது. பின்னம் தெரியாதவனுக்கு விகிதம் புரியாது, விகிதம் புரியாதவனுக்கு வட்டி புரியாது. ஒரு செங்கல்லை உருவினால் மேலே உள்ள சுவர் என்ன ஆகும், அப்படி. ஆனால் பாடத்திட்டம் காத்திருக்கவில்லை. எல்லாரையும் தேர்ச்சி என்று போட்டு மேலே அனுப்பினோம். நானும் கையெழுத்துப் போட்டவன்தான்.

திரும்பி வராதவர்களைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லை. நன்றாகக் கணக்குப் போடும் ஒருவன் வரவில்லை. போன் பண்ணினேன். "வேலைக்குப் போகிறேன் சார், கடன் முடிந்ததும் வருகிறேன்" என்றான். பதின்மூன்று வயது.

1918 காய்ச்சலின்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடிப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. முன்னும் பின்னும் பிறந்தவர்களைவிட அவர்களுக்குப் படிப்பு குறைவு, வருமானம் குறைவு, உடல்குறை அதிகம். அறுபது வருடம் கழித்தும் அது தெரிந்தது. நம் பிள்ளைகளுக்கு இப்போதுதான் ஐந்தாறு வருடம் ஆகியிருக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

நான் வெளிநாட்டில் வேலை செய்கிறேன். புள்ளிக்காரனுக்குப் பிடித்த ஒரு புள்ளியை நான் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் உலக வங்கி, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் அந்த வருடம் 20 சதவீதம் விழும் என்றது. கடைசியில் பார்த்தால் வளரும் நாடுகளுக்குப் போன பணம் 2 சதவீதம்கூடக் குறையவில்லை. நிபுணர்கள் ஆச்சரியப்பட்டார்கள், பாராட்டினார்கள்.

எப்படிக் குறையவில்லை என்று எங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். எட்டுப் பேர் தூங்கிய அறையில் பதினொரு பேர் தூங்கினோம். இரண்டு வேளை சாப்பிட்டோம். முதலாளி பாதிச் சம்பளம் கொடுத்தார், நான் முழுச் சம்பளம் அனுப்பினேன். இடைவெளியை இங்கே இருந்தவர்களிடம் கடன் வாங்கி நிரப்பினேன். வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. "உனக்கு மட்டும் சம்பளம் வெட்டவில்லை, கடவுள் புண்ணியம்" என்று அம்மா சொன்னார். ஆமாம் என்றேன்.

பழையகணக்கு, நீங்களாவது சொல்லிவிடுங்கள்.

மேல்தட்டு எழுதியது:

கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு அந்த இரண்டு வருடமும் நல்ல வருடங்கள். கணினியில் வேலை, வீட்டிலிருந்தே செய்தேன். போக்குவரத்துச் செலவு இல்லை, வெளியே செலவழிக்க வழி இல்லை, சம்பளம் ஏறியது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சேமித்தேன். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவை "பாதுகாப்புக்காக" வர வேண்டாம் என்றோம். முதல் மாதம் சம்பளம் கொடுத்தோம். இரண்டாவது மாதம் பாதி. மூன்றாவது மாதம் அவரும் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.

இது கடன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றுகிறது. அவர் எண்ணுக்கு அழைத்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

சும்மா எழுதியது:

முதலில் நான் எழுதிய ஒரு வரிப் பதிலை வாபஸ் வாங்குகிறேன்.

எதிர்க்கட்சி எழுதியது:

எனக்கும் ஒரு கேள்வி. எல்லார் கையிலும் நேரடியாகப் பணம் போட்டிருந்தால் இந்தக் கைமாற்றுச் சங்கிலியே தேவைப்பட்டிருக்காதே? புள்ளிக்காரன், இதிலாவது என்னோடு ஒத்துப்போகிறீர்களா?

புள்ளிக்காரன் எழுதியது:

முழுக்க. "பணக்கார நாடுகளால்தான் முடியும்" என்று சொல்பவர்களுக்கு டோகோவைக் காட்டுவேன். மேற்கு ஆப்பிரிக்காவின் சின்ன, ஏழை நாடு. 2020 ஏப்ரலிலேயே 'நோவிசி' என்ற திட்டத்தைத் தொடங்கி, முறைசாராத் தொழிலாளர்களின் கைப்பேசிக் கணக்குக்கே பணம் அனுப்பினார்கள். சாதாரண பட்டன் போனிலேயே பதிவு செய்யலாம். பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார்கள். தொகை சிறியதுதான். ஆனால் வேகமாகப் போய்ச் சேர்ந்தது. நம் நண்பருக்கு அந்த ஜூனில் அப்படி ஏதாவது வந்திருந்தால் அண்ணனின் பணம் அண்ணன் வீட்டிலேயே இருந்திருக்கும்.

பழையகணக்கு எழுதியது:

பத்து நாளாகப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். போய்விட்டு வந்தேன்.

கோடைமழை சொன்னபடி பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் போனேன். அண்ணி கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். நான் உறையை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணன் கொடுத்தது" என்று ஆரம்பித்தேன். "தெரியும்" என்றார். தேதி, தொகை இரண்டும் சொன்னார். ஜூன், செப்டம்பர், சரியாகச் சொன்னார். செப்டம்பரில் கொடுத்த பணம் அண்ணியின் சீட்டுப் பணமாம். அவர் சம்மதித்துத்தான் அண்ணன் அனுப்பியிருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்புறம் அவர் கேட்டார், "ஏன் ஒரு தடவைகூட வரவில்லை?" பணம் சேரவில்லை என்றேன். "பணத்தைக் கேட்கவில்லை" என்றார்.

மருத்துவமனைச் செலவுக்கு அவர் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார். அது நான் தர வேண்டியிருந்த தொகையைவிடக் குறைவு. அதை அடைக்க இரண்டரை வருடம் ஆகியிருக்கிறது. என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். "உங்களிடம் இல்லை என்று தெரியும். கேட்டு, நீங்கள் இல்லை என்று சொல்லி, அதோடு நீங்கள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. கேட்காமலே வராமல் போய்விட்டீர்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் கட்டிய வட்டியையும் நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். உறையை எண்ணிப் பார்த்தார். எண்ணியது எனக்கு நல்லதாகப் பட்டது, ஏன் என்று தெரியவில்லை. பெரிய பையனுக்குக் கணக்கில் சந்தேகங்கள் இருக்கின்றனவாம், பத்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியுமா என்று கேட்டார். நான் கணக்கில் சுமார்தான். வருகிறேன் என்றேன்.

கோடைமழை எழுதியது:

வட்டியை அவர் வேண்டாம் என்றாலும் மறந்துவிடாதீர்கள். பையன் பெயரில் ஏதாவது செய்யுங்கள். இப்போது வேண்டாம், ஒரு வருடம் போகட்டும்.

நாலாம்பெஞ்ச் எழுதியது:

பையனுக்குப் பின்னம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பத்தாம் வகுப்பு என்றால் அவன் அந்த வயதுக் கூட்டம்தான். நேராகப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் இறங்காதீர்கள். தனிச்செய்தியில் உங்கள் மின்னஞ்சல் அனுப்புங்கள், நான் வைத்திருக்கும் பயிற்சித் தாள்களை அனுப்புகிறேன். உங்களுக்கும் உதவும்.

பழையகணக்கு எழுதியது:

அனுப்பிவிட்டேன் சார். விடைகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

இரவுப்பணி எழுதியது:

நேற்று அம்மாவிடம் சொன்னேன். "தெரியும்டா" என்றார்.